உப்பின் பின்னே செல்லும் நீர்

மறைக்கல்வி முடிந்த ஒரு மாலையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரியல் நூலோடு வந்தாள். "சவ்வூடு பரவல் விளங்கவில்லை, சாமி" என்றாள். செல்லைச் சூழ்ந்த சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அப்படி விடாது. எப்பக்கம் உப்பு மிகுதியோ அப்பக்கம் நீர் நகரும் என்றேன். "உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் போகும், அவ்வளவுதானே?" என்றாள்.

அச்சொல் என்னை 1976-க்கு இட்டுச் சென்றது. அப்போது எனக்கு ஆறு வயது. ஒன்றரை வயதுத் தம்பிக்கு வாந்திபேதி. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்றார் பாட்டி. அம்மா ஈரத்துணியால் அவன் உதட்டை மட்டும் நனைத்தார். விடியுமுன் அவன் இறந்தான்.

துன்பம் ஏன் என்ற கேள்விக்குக் குருமடத்தில் பல விடைகள் படித்தேன். தம்பியைக் காத்திருக்கக்கூடிய விடையைப் பின்னரே அறிந்தேன். காலரா நச்சு குடற்செல்களிலிருந்து உப்பை வெளியேற்றுகிறது. நீர் அதைத் தொடர்கிறது. ஆயினும் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்தே உள்ளிழுக்கும் வாயில் அச்செல்களில் பழுதடைவதில்லை. அவை நுழைந்தால் நீரும் நுழையும். 1971-இல், வங்கதேச அகதிகள் நிறைந்த பங்கான் முகாமில், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

ஐந்தாண்டுகள் கழிந்தும் அச்செய்தி எங்கள் வீட்டை எட்டவில்லை.

"தண்ணீர் கொடுத்திருக்கலாமோ?" என்று அம்மா இன்னமும் கேட்பார். 'இறைவனின் சித்தம்' என்றே இதுவரை சொல்லி வந்தேன். அது ஆறுதலன்று, தட்டிக்கழித்தல் என அன்று உணர்ந்தேன். அடுத்த முறை வீடு சென்றபோது உண்மையைச் சொன்னேன்: "கொடுத்திருக்கலாம் அம்மா, உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். அதை உனக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை."

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அளவை எழுதித் தா. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்றார்.

எழுதினேன்: பொட்டல உப்புக்கரைசல் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை மிகுந்தால் குடலுக்குள் நீர் இழுபடும்; ஆகவே அளவு மாறக்கூடாது.

அத்தாள் இன்று பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.