கேட்டவருக்கு நான் சொன்ன பொய்

உத்திரமேரூர் வட்டாரத்தில் மினி டிராக்டருக்குப் புல் வெட்டும் இயந்திரம் வாங்க நினைத்த சிலர் என்னிடம் யோசனை கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "ஸ்லாஷர் வாங்குங்க. கண்ண மூடிக்கினு வாங்கலாம்." குறைகளைத் தெரிந்துகொண்டே சொன்ன பதில் அது. அதனால் ஆடு மேய்த்துப் பிழைக்கும் ஒரு பெண்மணியின் கால் எலும்பில் விரிசல் விழுந்தது. இதுவரை வீட்டாரிடமும் அந்தப் பெண்மணியிடமும் என் பக்கத்து நிலத்துக்காரரிடமும் பின்னாளில் யோசனை கேட்டு வந்த சிலரிடமும் மட்டுமே சொன்னதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

எங்களுக்கு மாவும் தென்னையும் கலந்த தோப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை நின்றதும் கோரையும் அருகும் மண்டிவிடும், பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்துவிடும். ஆள் வைத்து அரிவாளால் அறுப்பது கட்டுப்படியாகவில்லை. ரோட்டவேட்டர் ஓட்டினால் மாமரத்தின் மேல்வேர்கள் அறுபடுகின்றன, மண்ணும் புழுதியாகிறது. 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன். அதற்கு நான்கடி அகல ஸ்லாஷரையும் சேர்த்து வாங்கினேன். மற்ற வகைகளை ஓட்டிப் பார்க்கவில்லை. கடையில் அது இருந்தது, விலை குறைவு, வாங்கிவிட்டேன்.

முதல் நாள் ஓட்டியபோது உண்டான மகிழ்ச்சி உண்மையானது. உண்ணிப் புதரையும் விரல் பருமன் சீமைக்கருவேலங்கன்றையும் அது ஒரே ஓட்டத்தில் தரைமட்டமாக்கியது. வரப்போரம் நின்று பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்த வியப்பு எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு அதை இழக்க மனம் வரவில்லை.

ஸ்லாஷர் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் நான் மறைத்தது என்ன என்பது விளங்கும். டிராக்டரின் பின்னால், மாட்டும் கருவிக்கு இன்ஜின் விசையைத் தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஸ்லாஷர் நடுவில் உள்ள கியர்பாக்ஸ் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். கீழே ஒரு கனத்த தட்டு, அதன் இரு முனைகளிலும் போல்ட்டில் ஊசலாடும் தடித்த பிளேடுகள். நான்கடி வட்டத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று கணக்குப் போட்டால், பிளேடின் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அது கூர்மையால் வெட்டுவதைவிட வேகத்தால் அடித்துத் துண்டிக்கிறது என்று சொல்வதே சரி. அதனால்தான் பிளேடு மழுங்கினாலும் புதர் விழுகிறது, பராமரிப்புச் செலவும் குறைகிறது. அதே வேகத்தில் ஒரு கல் மாட்டினால் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பக்கத்து மண்ணில் சரளைக்குப் பஞ்சமில்லை. இந்த வகை புதர்க்காடு அழிக்கவே உண்டானது. 1951-இல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துச் செல்மா ஊரில் தொடங்கிய புஷ் ஹாக் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. ஆள் நடமாட்டமில்லாத பரந்த வெளிகளுக்கு ஏற்ற கருவி இது.

என் ஸ்லாஷரில் முன்னாலும் பின்னாலும் சிறு சங்கிலிகள் வரிசையாகத் தொங்கும். பறக்கும் கல்லைத் தடுத்துக் கீழே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. மழைக்காலத்துக் கோரை அந்தச் சங்கிலிகளில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி இழுத்துப் போட வேண்டியிருந்தது. ஸ்பேனரை எடுத்து மொத்தத்தையும் கழற்றிக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். சில வாரத்தில் ஒரு கல் பறந்து கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்தது. உள்ளங்கை அகல ஓட்டை. கேட்டவர்களிடம் குரங்கு குதித்து உடைந்தது என்றேன்.

இன்னொன்றையும் மறைத்தேன். ஒருமுறை மாமரத்தடியில் கிளட்ச் மிதித்தேன், டிராக்டர் நிற்கவில்லை. சுழலும் கனத்த தட்டின் விசை பி.டி.ஓ. வழியாகத் திரும்பி கியர்பாக்ஸுக்கு வந்து சக்கரத்தை உருட்டுகிறது. என் வண்டிக்குத் தனி பி.டி.ஓ. கிளட்ச் கிடையாது. ஒரே கிளட்ச் உள்ள வண்டிகளில் இந்த ஆபத்து உண்டு. மரத்தில் மோதித்தான் நின்றேன். பி.டி.ஓ. தண்டில் ஒருவழி கப்ளிங் ஒன்று மாட்டினால் இது நடக்காது. வாங்கும்போது அதைக் கேட்டிருக்க வேண்டும். மோதியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓட்டத் தெரியாதவன் என்பார்கள், தப்பான கருவி வாங்கினான் என்பார்கள். இரண்டையும் கேட்க எனக்குத் துணிவில்லை.

என் நிலத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடமும் மினி டிராக்டர் இருக்கிறது. கறவை மாடு வைத்திருக்கிறார், தீவனப் புல் போட்டிருக்கிறார். அவர் நிலத்தின் ஓரமாகவே ஏரிக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அவர் கேட்டார், "நமக்கு எதுப்பா தோதுப்படும்? மாட்டுக்கும் அறுக்கணும், வரப்பும் சுத்தம் பண்ணணும்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியாததல்ல. வாங்கிய பிறகு, என் முடிவு சரிதானா என்ற உறுத்தலில் மற்ற வகைகளைப் பற்றி நிறையவே படித்துவிட்டேன், வேறு தோப்புகளில் ஓடுவதையும் போய்ப் பார்த்துவிட்டேன்.

மாட்டுத் தீவனத்துக்குப் பொருத்தமானது கட்டர் பார். விரல் போன்ற காப்புகளுக்கு நடுவே முக்கோணக் கத்திகள் பக்கவாட்டில் போய்வரும். தண்டை அடியில் சுத்தமாக அறுத்துப் படுக்கப் போடும். மண் கலக்காது, புல் நசுங்காது. சக்தி மிகக் குறைவாகவே தேவை, கல்லையும் வீசாது. குறையும் உண்டு: சாய்ந்து பின்னிக்கிடக்கும் புல்லில் அடைத்துக்கொள்ளும். கரையான் புற்றிலோ கல்லிலோ இடித்தால் கத்தி உடையும். அடிக்கடி தீட்ட வேண்டும். திறந்த கத்தி என்பதால் ஓடும்போது அருகே கை போகக் கூடாது.

ஆள் நடமாடும் இடத்துக்கும் தோப்புக்கும் மல்ச்சர் என்கிற ஃப்ளெயில் வகை மேல். படுக்கைவாட்டில் ஒரு உருளை, அதைச் சுற்றி ஒய் வடிவத்திலோ சுத்தியல் வடிவத்திலோ நிறையச் சிறு பிளேடுகள். கல்லில் பட்டால் பிளேடு பின்னால் மடங்கி விலகிக்கொள்ளும். வெட்டிய துகளை உடல்தகடும் பின் உருளையும் கீழேயே அமுக்கிவிடும். தென்னை மட்டையைக்கூட நார் நாராக்கும். அந்தத் துகள் மரத்தடியில் மூடாக்காகக் கிடந்து ஈரம் காக்கும். ஸ்லாஷரோ மட்டையை முழம் முழமாக விட்டுப் போகும். மல்ச்சருக்கு விலை அதிகம், எடை அதிகம், அதே அகலத்துக்குச் சக்தியும் அதிகம் கேட்கும். 24 குதிரைத்திறனுக்கு நான்கடிக்கு மேல் மாட்டக் கூடாது. மெதுவாகத்தான் ஓட்ட முடியும். ஒரு பிளேடு உடைந்தால் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் உருளை அதிர்ந்து பேரிங் போய்விடும். சொட்டுநீர்க் குழாய் கிடப்பதைக் கவனிக்காமல் ஓட்டினால் உருளையில் சுற்றிக்கொண்டு அரை நாளைத் தின்றுவிடும்.

பண்ணை வீட்டுப் புல்தரைக்கு மட்டும் வேறு. மூன்று பிளேடு, நான்கு மூலையிலும் சிறு சக்கரம் கொண்ட லான் மூவர் பாய் விரித்தாற்போல் ஒரே மட்டமாக வெட்டும். மேடு பள்ளத்தில் அது பயன்படாது. டிராக்டரின் வயிற்றுக்கடியில் மாட்டும் வகையும் உண்டு. அதற்கு நடுப்பக்க பி.டி.ஓ. வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான மினி டிராக்டர்களில் பின்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்தவன் மாமாவிடம், "என்னுதப் பாருங்க மாமா, ஜம்முன்னு ஓடுது. இதே மாடல வாங்கிக்குங்க" என்றேன். அவர் கட்டர் பார் வாங்கியிருந்தால் என் ஸ்லாஷரோடு ஒப்பிடுவார்கள். நான் ஏமாந்தது தெரிந்துவிடும். இன்னொருவரும் அதையே வாங்கினால் என் முடிவு சரி என்று ஆகிவிடும். அவ்வளவு சிறிய காரணம்தான்.

அவர் வாங்கினார். தீவனப் புல் நசுங்கி மண்ணோடு வந்தது, மாடு மோந்துவிட்டு ஒதுங்கியது. என்னைப் பார்த்து அவரும் சங்கிலிகளைக் கழற்றினார். நவரை நாற்று விட்டிருந்த சமயம், பாதையோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது கல் பறந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்மணியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பில் விரிசல். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். ஆடுகளில் சிலவற்றை விற்றுத்தான் அந்த நாட்களை ஓட்டினார்கள்.

அன்று மாலை டீக்கடையில் நான் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஆளு வர்ற நேரத்துல யாரு ஓட்டுவாங்க? மெஷின் மேல தப்பு இல்ல" என்றேன். மறுநாள் மாமா நேரில் வந்து கேட்டார்: "ஏம்பா, உன்னுதுல எப்பனா கல்லு பறந்திருக்குதா?" இல்லை என்றேன். அவர் நின்ற இடத்திலிருந்து தலையை நிமிர்த்தினால் ஷீட்டு ஓட்டை தெரியும். அவர் நிமிரவில்லை. அந்த ஒரு கேள்விக்கு உண்மை சொல்லியிருந்தால், பழி முழுவதும் தன்மேல்தான் என்று அவர் நினைத்து வருந்தியிருக்க மாட்டார்.

வெகுநாள் கழித்துத்தான் போய்ச் சொன்னேன். ஓட்டை, மரத்தில் மோதியது, சங்கிலி கழற்றியது, எல்லாம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன்னப் பாத்துதாம்பா நானும் செயினக் கழட்டுனேன்" என்றார். "எங்கிட்ட சொல்லிட்ட. அவகிட்டப் போயி சொல்லு."

போனேன். அந்த அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நா தெனமும் அந்த வழியாதான் போறேன். மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்பேனே" என்றார். எந்த வகை இயந்திரம், எத்தனை பிளேடு என்று பேசித் திரிந்த நான், அந்தப் பாதையில் தினமும் ஆள் வருகிறார் என்பதை ஒருநாளும் கணக்கில் எடுக்கவில்லை. அவருடைய மருத்துவச் செலவிலும் விற்ற ஆடுகளின் விலையிலும் பாதியை ஏற்றுக்கொண்டேன். மீதியை மாமா ஏற்கெனவே கொடுத்திருந்தார். பணம் கொடுத்ததால் கணக்குத் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை.

எங்கள் ஊரின் பெருமை என்று வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரைக் காட்டுவோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாவற்றுக்கும் அங்கே விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. வெளியூர்க்காரர்களைக் கூட்டிப் போய் இதை விளக்கியிருக்கிறேன். நாலு பேர் யோசனை கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு, என் இயந்திரத்தின் கணக்கை மட்டும் காட்டாமல் இருந்தேன். யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

இப்போதும் சிலர் வருகிறார்கள். முதலில் ஓட்டையைக் காட்டுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன். பிறகு அவர்களைத்தான் கேட்கிறேன்: வெட்டுவது மாட்டுக்கா, மூடாக்குக்கா, வெறும் புதர் அழிக்கவா? நிலத்தில் கல் எவ்வளவு? வழியில் யார் போவார்கள்? வண்டியில் பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் உண்டா? மானியம் கிடைக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம் என்கிறேன். சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கு 50 விழுக்காடு வரை அரசு தந்தாலும், பொருந்தாத கருவிக்குப் போட்ட மீதிப் பாதியும் நட்டம்தான். முதலில் வாடகைக்கு எடுத்துச் சொந்த நிலத்தில் ஓட்டிப் பார்க்கலாம், வேளாண் பொறியியல் துறை உழவன் செயலியில் இ-வாடகை வசதி வைத்திருக்கிறது.

என் ஸ்லாஷரை நான் விற்கவில்லை. மேட்டுப் புதருக்கு அதுவே போதும். சங்கிலிகளைத் திரும்ப மாட்டிவிட்டேன், கோரை அடைத்தால் இன்ஜினை அணைத்து இறங்கி எடுக்கிறேன். ஒருவழி கப்ளிங்கும் போட்டாயிற்று. ஓட்டுவதற்கு முன் நிலத்தைச் சுற்றி நடந்து கல் பொறுக்குகிறேன், பாதையின் இரண்டு முனையிலும் போய்க் குரல் கொடுக்கிறேன். தொண்ணூறு மீட்டருக்குள் ஆள் வந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுகிறேன். இவை எதற்கும் புது அறிவு தேவைப்படவில்லை, எல்லாம் வாங்கிய அன்று கூடவே வந்த கையேட்டில் இருந்தவைதான்.

இயந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களைப் பார்த்து ஒருவர் வாங்கப் போகிறார் என்றால், அது உங்களிடம் எப்போதெல்லாம் தப்பு செய்தது, நீங்கள் அதில் எப்போதெல்லாம் தப்பு செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நல்லதை அவர் கடையிலேயே கேட்டுக்கொள்வார். கெட்டதைச் சொல்ல உங்களைவிட்டால் அவருக்கு ஆளில்லை.