வா என்ற ஒரு சொல்

வைரவரின் வாகனமென நாயைக் கோயிலிலே கைகூப்பி வணங்கும் நாம், அதே நாய் தெருவிலே எதிர்ப்பட்டாற் குனிந்து கல்லைத் தேடுகின்றோம். இம்முரண்பாட்டுக்கு யானும் விலக்கானவன் அல்லன் என்பதை எங்கள் வீட்டு வீமன் உணர்த்தினான்.

வீமன் உயர்ந்த சாதி நாயன்று, ஊர்நாய். இரண்டு மாதக் குட்டியாக வந்து சேர்ந்தவன், எட்டாம் மாதமளவிலே, படலை திறந்ததும் ஒழுங்கையைத் தாண்டிப் பெருந்தெருவுக்கு ஓடப் பழகிவிட்டான். தொண்டை வறளக் கூப்பிடுவேன். நெடுநேரங் கழித்து வருவான். வந்ததும் பூவரசந் தடியால் இரண்டு அடி கொடுப்பேன். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

ஒருநாட் காலை அவன் நடுத்தெருவிலே நின்றான். வளைவிலே பேருந்தின் ஒலி கேட்டது. "வீமா, வா!" என்று அலறினேன். அவன் என்னை நோக்கினான். வாலை ஒடுக்கி அங்கேயே குந்திவிட்டான். சாரதி பிறேக்கை அழுத்தியதனால் மயிரிழையில் உயிர் தப்பினான். நடுங்கிய என் கை அப்பொழுதும் தடியைத்தான் தேடியது. ஆறாந் தரத்திற் படிக்கும் என் மகள் குறுக்கே வந்து, "அப்பா, அது வந்ததுக்குத்தானே ஒவ்வொரு நாளும் அடிக்கிறீங்கள்? பிறகு எப்பிடி வரும்?" என்றாள்.

விடை சொல்ல இயலவில்லை. இன்பம் விளைக்குஞ் செயல் வலுப்பெறும் என எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1911ஆம் ஆண்டு நூலில் வகுத்துரைத்த விதியை, ஆசிரியப் பயிற்சியிற் படித்துப் புள்ளியும் பெற்றவன் யான். வீட்டிலே கைக்கொள்ளவில்லை. அடிக்கு முன் இறுதியாகத் தான் செய்தது எதுவோ, அதனோடுதான் நாய் அடியைத் தொடர்புபடுத்தும். வீமன் இறுதியாகச் செய்தது, என் சொற்கேட்டு வந்தமையே.

அன்றே தடி அடுப்புக்குச் சென்றது. வளவுக்குள்ளே பாடம் புதிதாகத் தொடங்கிற்று. முதற் சொல் 'இரு'. விசுக்கோத்துத் துண்டொன்றை மூக்கின் முன் பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், முகம் உயரப் பின்புறம் தானே நிலத்திற் படியும். படிந்த அக்கணமே துண்டைக் கொடுத்தல் வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்பதை நாய் அறியாது.

அடுத்த சொல் 'வா'. நீண்ட கயிற்றிற் கட்டி, நான்கடி, பத்தடி, முற்றத்தின் மறுகோடி எனத் தூரத்தைக் கூட்டினோம். வருந்தோறும் உபசாரம், ஒருபோதும் ஏச்சில்லை. குளிப்பாட்ட வேண்டுமாயின் 'வா' என்றழையாது, நாமே சென்று பிடித்தோம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு மூன்று வேளை. ஆளுக்கொரு சொல் வழங்காது வீட்டார் யாவரும் ஒரே சொல்லை வழங்கினோம். சொல் பதிந்தபின், துண்டை இடையிடையே மட்டும் கொடுத்தோம், தட்டிக்கொடுத்தல் குறையவில்லை.

இரண்டு மாதங் கழிந்தது. திறந்திருந்த படலையால் ஆடொன்றைத் துரத்திக்கொண்டு பாய்ந்தான் வீமன். ஒருமுறைதான் அழைத்தேன். ஒழுங்கையின் பாதியிலே நின்று, திரும்பி ஓடிவந்து, என் காலடியில் இருந்தான்.

மறுநாள், பிந்தி வந்த மாணவன் ஒருவன் வகுப்பு வாயிலிலே தயங்கி நின்றான். அத்தகையோரை வெளியே நிறுத்துவது என் நெடுநாள் வழக்கம். அவ்வாறு நின்றவருட் சிலர் அடுத்த நாள் வராதே விட்டதுமுண்டு.

"வா, இரு" என்றேன். காரணத்தைப் பின்னர் வினவினேன்.