மொடல் 70ஆ, 700ஆ?

எங்கள் வீட்டில் 'துவக்கு' என்பது சும்மா சொல்லிவிட்டுப் போகிற சொல் இல்லை. அம்மா முல்லைத்தீவுப் பக்கம். அந்தச் சொல்லோடு அவருக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மான் வேட்டைக்குப் போகப்போகிறேன், அதற்கு ஒரு துவக்கு வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது அவர் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அது சண்டைக்குப் போன சாதியோ?"

அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்தபிறகுதான் கிடைத்தது.

ஒன்ராறியோவில் துவக்கு வாங்குவது பால் வாங்குவது போல இல்லை. பாதுகாப்பு வகுப்பு, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை, அனுமதிப்பத்திரம், வேட்டைக்கென்று இன்னொரு வகுப்பு. எல்லாம் முடித்து, பழைய துவக்குகள் விற்கும் கடையொன்றில் இரண்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்று வின்செஸ்டர் மொடல் 70, 1950களில் செய்தது. மற்றது ரெமிங்டன் மொடல் 700, 1970களில் செய்தது. இரண்டுமே .30-06 ரவை போடுபவை. மானுக்கும் போதும், மூஸுக்கும் போதும்.

இரண்டும் போல்ட் அக்‌ஷன். அது என்னவென்று தெரியாதவர்கள் ஊர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தள்ளிக் கீழே திருப்பினால் பூட்டும். மேலே திருப்பிப் பின்னால் இழுத்தால் திறக்கும். தள்ளும்போது ரவை உள்ளே போகும். இழுக்கும்போது வெற்றுக்கோது வெளியே வரும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் ஒருதடவை இதைச் செய்யவேண்டும்.

மொடல் 70 வந்தது 1936இல். ஜேர்மனியின் 1898ஆம் ஆண்டு மௌசரிலிருந்து எடுத்த ஒரு நல்ல யோசனை அதில் இருக்கிறது: போல்ட்டின் பக்கத்தில் ஒரு நீண்ட எஃகு நகம். மகசினிலிருந்து ரவை மேலே ஏறும்போதே அந்த நகம் அதன் விளிம்பைப் பிடித்துவிடும். வெளியே எறியும்வரை விடாது. இப்படிச் செய்ய நிறைய வேலை, நிறையச் செலவு. 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க வடிவத்தை மாற்றியது, அந்த நகமும் போனது. வேட்டைக்காரர்களுக்குக் கோபம். இன்றைக்கும் '64க்கு முந்தியது' என்றால் விலை கூட. கடையில் இருந்ததன் மரப்பிடியில் ஆழமான கீறல்கள். சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். அதனால்தான் என் கைக்கு எட்டியது.

மொடல் 700 வந்தது 1962இல். அதன் உடல் ஓர் உருளைக் குழாய் போன்றது. கடைவதற்கு லேசு, விலையும் குறைவு, குறியும் அச்சொட்டாக இருக்கும். இதில் நகம் இல்லை. போல்ட் ரவையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். முழுதாகப் பூட்டிய பிறகுதான் பிடிக்கும். போல்ட்டின் முகம் ரவையின் அடியைச் சுற்றி மூடியிருப்பதால் உறுதியும் அதிகம்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். பதில்: இரண்டும் சண்டைக்குப் போனவை. வியட்நாமில் கார்லோஸ் ஹாத்கொக் என்ற அமெரிக்க மரைன் குறிசுடுநர் வைத்திருந்தது மொடல் 70. 1966இல் மரைன் படை எடுத்த எம்40 துவக்கு, மொடல் 700இலிருந்து செய்தது. இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட அப்பு இடியன் துவக்கு வைச்சிருந்தவர். மரை அடிச்சால் வத்தல் போட்டு ஊருக்கே குடுக்கிறவர். அதுவும் துவக்குத்தான். எது ஆபத்தில்லாததோ அதைப் பார்த்து எடு," என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: வெடியை இறக்குவது எப்படி?

வேட்டைக்குப் போகிறவர் ஒரு பருவம் முழுக்க ஒருதடவை சுடலாம், சுடாமலும் வரலாம். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் ரவையை வெளியே எடுத்தே ஆகவேண்டும். ரவை ஏற்றிய துவக்கை இங்கே வாகனத்தில் வைத்திருக்கச் சட்டம் விடாது. நவம்பர் இருட்டில், விறைத்த கையோடு, பக்கத்தில் நண்பர்கள் நிற்க, அதைச் செய்யவேண்டும்.

1982க்கு முன் செய்த 700இல், பாதுகாப்புப் பூட்டைப் போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ரவையை எடுக்க, முதலில் பூட்டைச் 'சுடு' நிலைக்குத் தள்ளவேண்டும். நான் பார்த்தது ஏடிஎல் வகை, மகசினுக்கு அடிமூடி திறக்காது. மிச்ச ரவைகளையும் போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும்.

மொடல் 70இன் பூட்டுக்கு மூன்று நிலைகள். முன்னால் தள்ளினால் சுடலாம். முழுதாகப் பின்னால் இழுத்தால் ரவையைக் குத்தும் ஊசியும் போல்ட்டும் இரண்டுமே பூட்டியிருக்கும். நடுவில் வைத்தால் ஊசி பூட்டியபடியே இருக்க, போல்ட் மட்டும் திறக்கும். அதாவது, சுடமுடியாத நிலையிலேயே ரவையை எடுத்துவிடலாம். அடிமூடியைத் திறந்தால் மிச்சம் எல்லாம் கைக்குள் விழும்.

என்னை வேட்டைக்குக் கூட்டிப்போகும் நண்பர் 700 பக்கம். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வீட்டில் அதுதான். 700இன் விசையைத் தொடாமலே வெடித்தது என்று அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வழக்குகள் நடந்தன, நிறுவனம் மறுத்தது. 2006க்குப் பின் வந்த புது விசை பூட்டிய துவக்குகளை 2014இல் அதுவே திருப்பி அழைத்தது. இதைச் சொன்னபோது நண்பர், "விசையை மாற்றிவிடலாம். குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம், வேறு எந்தப் பூட்டையும் நம்பாதே," என்றார். அது சரிதான். வகுப்பிலும் அதைத்தான் முதலாவதாகச் சொல்லித்தந்தார்கள். ஆனாலும் களைத்த மனிதனின் கை ஒருநாள் தவறலாம். அந்த நாளுக்காகத்தான் அந்த நடுநிலை.

மொடல் 70ஐ எடுத்தேன். 700ஐ விடப் பாரம் கூட, விலையும் கூட.

வீட்டில் அது இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. ரவைகள் வேறிடத்தில், வேறு பூட்டில். போல்ட்டைக் கழற்றினால் துவக்கு வெறும் குழலும் மரமும்தான். கழற்றிய போல்ட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அதை ஒரு துணியில் சுற்றித் தன் நகைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். வேட்டைக்குப் போவதென்றால் அவரிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

உங்களில் யாராவது ஒருநாள் இப்படி ஒரு கடையில் நிற்கக்கூடும். எது தூரம் சுடும், எது நேராகச் சுடும் என்று கடைக்காரர் சொல்வார். கேளுங்கள். பிறகு, ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, "இதைச் சுடாமல் எப்படி வெறுமையாக்குவது?" என்று கேளுங்கள். எது கையில் எடுக்கத் தகுந்தது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.