தாலாட்டும் பியானோவும்

புதுவை நகரினின்று மேற்கே சென்றால் வில்லியனூர். தெற்கே சென்றால் பாகூர். இரண்டும் வயல் சூழ்ந்த பகுதிகள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது என்பதையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன என்பதையும் நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு தெரிவிக்கின்றது. ஏட்டுக் கல்வி அச்சாலையில் வளர்ந்தது. ஏட்டில் எழுதாத பாட்டோ வயல்வெளியிலும் தொட்டிலடியிலும் வளர்ந்தது. நாற்று நட்டவர் பாடினர். ஏற்றம் இறைத்தவர் பாடினர். பிள்ளையைத் தாலாட்டிய தாய்மாரும் பாடினர்.

அப்பாட்டின் அருமையை அறிந்தவர் பாரதியார். அவர் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அவர் இயற்றிய ‘குயில் பாட்டு’, புதுவைக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள ஒரு மாஞ்சோலையைக் களமாகக் கொண்டது. அச்சோலையில் வாழும் குயில், ஏற்றப் பாட்டுக்கும் நெல்லிடிக்கும் பெண்களின் இன்னொலிக்கும் தன் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் கூறுகின்றது. உழைப்போர் பாட்டு உயர்ந்த இசையே என்பதன்றோ அக்குயில் உணர்த்தும் உண்மை?

பாரதியார் புதுவைக்கு வந்த அதே 1908ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டு இசைவாணர் ஒருவரும் உழவர் பாட்டைக் கொண்டு ஓர் அரிய பணியைத் தொடங்கினார். பேலா பார்டோக் என்பது அவர் பெயர். இளமையில் தம் தாயிடமே பியானோ பயின்றவர் அவர். 1904ஆம் ஆண்டில் அவர் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது, லிடி டோசா என்னும் பணிப்பெண், தான் வளர்த்த குழந்தைக்காகப் பாடிய பாட்டு அவர் செவியில் விழுந்தது. அவர் அதுவரை கேட்டறியாத பழம்பாட்டு அது. அவர் அப்பெண்ணை மேலும் பாடச் சொல்லி, பாட்டுகளைக் குறித்துக்கொண்டார்.

நகரத்தார் தம் நாட்டு இசையென்று போற்றி வந்தது வேறு; சிற்றூர் மக்கள் வாழையடி வாழையாகக் காத்துவந்தது வேறு. இதனைத் தெளிந்த பார்டோக், தம் நண்பர் சோல்டான் கோடாயைப் போலவே ஊர் ஊராகச் சென்றார். மெழுகு உருளையில் ஒலியைப் பதிக்கும் கருவியுடன் முதியோரை அணுகி, அவர் பாட்டுகளைத் திரட்டினார். திரட்டியவற்றைப் பேழைக்குள் பூட்டிவைத்தாரல்லர். பிள்ளைகளின் விரல்களில் ஏற்றினார். 1908, 1909ஆம் ஆண்டுகளில் ‘குழந்தைகளுக்காக’ என்னும் தொகுதியை இயற்றினார். முதற்பதிப்பில் இருந்த 85 சிறு இசைப்பாடங்களும் ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப் பாடல்களைத் தழுவியவை.

பின்னர் 153 பாடங்கள் கொண்ட ‘மிக்ரோகோஸ்மோஸ்’ என்னும் ஆறு தொகுதிகளை அமைத்தார். அவற்றுள் முதலிரண்டும் தம் மகன் பீட்டருக்கு உரிமையாக்கப்பட்டன. அத்தொகுதிகளில் கதையும் உண்டு. ‘ஈயின் நாட்குறிப்பு’ என்னும் பாடத்தில் ஓர் ஈ பறந்து வந்து சிலந்தி வலையிற் சிக்கிக்கொள்கின்றது. அதன் ரீங்காரமும் தவிப்பும் இசையாக ஒலிக்கின்றன. இறுதியில் ஈ தப்பிவிடுகின்றது. கதையை அறிந்த பிள்ளைக்கு விரல் விரைவது பயிற்சியாகத் தோன்றாது. ஈயைக் காப்பாற்றும் முயற்சியாகவே தோன்றும்.

இம்முறை நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? பியானோ மேனாட்டுக் கருவிதான். அதன் கட்டையை அழுத்தினால், உள்ளிருக்கும் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டி ஒலி எழுப்பும். இக்காலப் பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் உண்டு. ஆயினும் அந்த வரிசை நமக்கு முற்றும் புதிதன்று. தெருக்கூத்தில் ஒலிக்கும் ஆர்மோனியத்திலும் கட்டைகள் அவ்வாறே அமைந்துள்ளன.

பியானோவில் மூன்றாகச் சேர்ந்த கறுப்புக் கட்டைகளுள் முதலாவதை ஆதாரமாகக் கொண்டு, வலப்புறமாகக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால், நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் ஒலிக்கும். ஹங்கேரியப் பழம்பாட்டுகள் பலவும் ஐந்து சுரங்களால் ஆனவையே. கைகொட்டிக் கும்மியடித்த சிறுமிக்குத் தாளம் புதிதன்று. அவள் முதலில் பாடட்டும், பின்பு கைகொட்டட்டும், அதன் பின் ஒரு கையால் அப்பாட்டை வாசிக்கட்டும், மற்றொரு கை ஆதார சுரத்தை ஒலிக்கட்டும். பாரதக் கூத்தைக் கண்ட சிறுவனோ, இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலிகளில் வீமன் நடையையும், வலப்பக்கத்து உயர்ந்த ஒலிகளில் பாஞ்சாலியின் முறையீட்டையும் அமைத்துப் பார்க்கலாம்.

ஒரு குறையை மட்டும் மறைத்தல் ஆகாது. தாலாட்டுப் பாடும் தாயின் குரல் ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்குக் குழைந்து செல்லும். பியானோவின் கட்டை அவ்வாறு குழையாது. ஒவ்வொரு சுரமும் தனித்தே ஒலிக்கும். ஆதலின், கருவியைக் கேட்டுப் பாட்டைக் கற்பது முறையன்று. பாட்டைக் கேட்ட பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். பள்ளிகளில் இசைக்கல்வி குரலிலிருந்தே தொடங்கவேண்டுமென்று கோடாயும் வற்புறுத்தினார்.

இன்று ஏற்றம் நின்றுவிட்டது. நீர் இறைக்கும் பொறி வந்துவிட்டது. அம்மாற்றம் உழவரின் தோள்வலியைக் குறைத்தது, அதற்காக வருந்துவாரில்லை. ஆனால், தொழில் நின்றபோது அதனோடு பிறந்த பாட்டும் வாயடைத்துப் போயிற்று. எஞ்சியிருப்பவை பாட்டிமாரின் நினைவிலே உள்ளன. அவற்றைப் பாடக் கூசும் பிள்ளை, தன் வீட்டுச் செல்வத்தைத் தானே தெருவில் எறிகின்றது. பார்டோக் கேட்டதும் பெரும் புலவர் பாட்டன்று. ஒரு பணிப்பெண்ணின் பாட்டே. கேட்க ஒரு செவி இருந்தமையால் அது பிழைத்தது. வில்லியனூரிலும் பாகூரிலும் மாலை வேளையில் ஒரு பேரப்பிள்ளை பாட்டியின் அருகே அமர்ந்து, “ஆயா, இன்னொரு முறை பாடு” என்று கேட்குமாயின், இசையின் முதற்பாடம் அங்கே தொடங்கிவிடும். கருவி பின்னர் வந்து சேரலாம்.