எத்தனை நேரம் ஆகும்?

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாருக்கும் திருப்தி ஏற்படுவதில்லை. "அரூர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "பஸ்ஸில் ஒரு மணி நேரம்" என்றுதான் பதில் வரும். இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். பயணம் செய்கிறவனுக்கு வேண்டியது நேரம்தானே? அந்நாளில் தகடூர் அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது சென்ற ஔவையாரும், எத்தனை காதம் என்பதைவிட எத்தனை நாள் என்றுதான் எண்ணியிருப்பார்.

ஆகாய விமானம் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. கொஞ்சம் சிக்கலாகியிருக்கிறது, அவ்வளவுதான். பெங்களூருவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய பூகோளப் படத்தைப் பார்த்தால், பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே பறப்பதுதான் நேர்வழி என்று தோன்றும். பூகோள உருண்டையை எடுத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவப் பிரதேசத்தின் வழியாகப் போகும். 2021 ஜனவரி 9-ஆம் தேதி, ஜோயா அகர்வால் தலைமையில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் அந்தத் துருவ வழியாகத்தான் வந்தார்கள். சனிக்கிழமை இரவு அங்கே புறப்பட்டு, சுமார் 17 மணி நேரம் பறந்து, திங்கட்கிழமை விடியுமுன் பெங்களூருவில் இறங்கினார்கள். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் 13½ மணி வித்தியாசம். நடுவிலிருந்த ஞாயிற்றுக்கிழமை வானத்திலேயே கரைந்து போயிற்று!

இப்படிப்பட்ட விவரங்களைச் சேர்த்து வைப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் காலமான அன்று அது பொழுதுபோக்காக இல்லை. அவருடைய ஒரே மகன் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தான். எப்போது எடுப்பது என்று பங்காளிகள் திண்ணையில் கூடிப் பேசினார்கள். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவன் வந்து சேர எத்தனை நேரம் ஆகும், கண்ணு?"

நான் கணக்குப் போட்டேன். டிக்கெட் கிடைக்க வேண்டும். வழியில் ஓர் ஊரில் விமானம் மாறிக் காத்திருக்க வேண்டும். தேவனஹள்ளியில் இறங்கி, பெங்களூரு நகரைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வர வேண்டும். "நாற்பது மணி நேரமாவது ஆகும், பெரியம்மா" என்றேன்.

"அவ்வளவு நேரம் போட்டு வைக்கலாமா?" என்றார் ஒரு பங்காளி.

"ஐஸ் பெட்டி கொண்டுவரச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. "அவன் வருவான், வருவான்னு ஆறு வருஷமா இந்தத் திண்ணையில உட்கார்ந்திருந்தாரு. இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கமாட்டாரா?"

யாரும் மறுத்துப் பேசவில்லை.

மகன் வந்து சேர்ந்தான், கொள்ளியும் வைத்தான். விமானம் தன் வேலையைச் செய்துவிட்டது. 14,000 கிலோமீட்டரை ஒன்றரை நாளில் கடந்து வர முடிகிற மனிதனுக்கு அந்த ஆறு வருஷங்கள் ஏன் தேவைப்பட்டன? எந்தக் கால அட்டவணையிலும் அதற்கு விடை இல்லை. அந்தத் தாயும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.