நாலில் ஒரு கல் மிச்சம்

மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போகும் வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீட்டின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். இங்கே கொத்தனார் ஒவ்வொரு கல்லையும் பக்கவாட்டில் நிமிர்த்திக் குத்தாக வைத்தார். சுவரின் இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு கல், நடுவே ஏறத்தாழ மூன்று அங்குலம் காலி. பிறகு இரண்டையும் பிணைத்துக் குறுக்கே ஒரு கல். மேலே நின்று பார்த்தால் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. எலிப்பொறிக் கட்டு என்பது இதன் பெயர்.

“சொவரு அதே ஒம்போது அங்குலந்தானுங்க. நாலுல ஒரு கல்லு மிச்சமாகுது. கலவையும் கொறச்சலாத்தான் புடிக்குது” என்றார் கொத்தனார். திருச்சூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது பழகியதாம்.

அந்த நாலில் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. வீட்டில் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே, அதைக் கட்டிய பொருள்களுக்காக எரித்து முடித்த எரிபொருளின் கரி காற்றில் கலந்துவிடுகிறது. கட்டடத்துக்குள் பொதிந்த கார்பன் என்பது அதுதான். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சூளையில் எரிந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை.

பச்சைக்கல் அறுக்க வண்டல் மண் வேண்டும். அதைச் சுட விறகோ நிலக்கரியோ வேண்டும். சிமெண்டின் கணக்கு இன்னும் கனமானது. இங்கிருந்து நேர் வடக்கே வாளையாரில், கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. எந்த ஆலையானாலும் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கித்தான் சிமெண்ட் செய்ய வேண்டும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் அந்தக் கல்லிலிருந்தே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளின் புகை அதற்கு மேல். உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது.

நான் நின்ற நேரத்தில் சித்தாள் அக்கா ஒருவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுகிறார். கணீரென்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் இன்னொரு பக்கம். விளிம்பு உடைந்ததும் கோணலானதும் தனிக் குவியல். இந்தக் கட்டில் அளவு பிசகினால் வரி ஏறி இறங்கும். கலவை உள்ளே விழுந்து பொந்து அடைபடாமல் கொத்தனார் கரண்டியை அடக்கிப் பிடிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு. மூலையிலும் கதவு நிலையோரத்திலும் சன்னலின் அடியிலும் மட்டும் பொந்து விடாமல் கெட்டியாகக் கட்டுகிறார். மின்குழாய் எந்தப் பொந்து வழியாகப் போகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கோடையில் கொளுத்தும் பாலக்காட்டுக்கு இது சின்ன உதவி இல்லை.

இங்கிலாந்திலிருந்து 1945இல் இந்தியா வந்த லாரி பேக்கர் கேரளத்தில் இந்தக் கட்டைப் பரப்பியவர். முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியலாளர் கே. என். ராஜ் ஆகியோரும் அவரும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, இதைக் கொத்தனார்களுக்குக் கற்றுத் தந்தது. பேக்கரின் இன்னொரு வழியும் உண்டு. கூரைக் கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். ஆகவே கம்பிகளின் இடைவெளியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார்.

மண்ணையே சுடாமல் அழுத்திக் கல்லாக்குவது அடுத்த படி. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இதைச் செய்துவருகிறது. மண்ணோடு 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்த்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். நாட்டுச் சூளைக் கல்லுக்கு இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது என்பது அவர்கள் கணக்கு.

இத்தனை இருந்தும் எலிப்பொறிச் சுவர் ஏன் ஊரெங்கும் இல்லை? “சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம் பேசறாங்க. வேகமாக் கட்டுனாத்தான் கூலி கட்டும். இதுல கல்லு பாத்து வெக்கோணுமில்லீங்க” என்றார் கொத்தனார். கல்லிலும் சிமெண்டிலும் மிச்சமாகும் பணம் வீட்டுக்காரரிடம் தங்கிவிடுகிறது. அதை மிச்சப்படுத்திய கைக்கு எதுவும் கூடுதலாக வருவதில்லை. இது நியாயமில்லை. இந்த வேலை பரவாததற்கும் இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

வீடு கட்டப்போகிறவர்கள் பொறியாளரிடம் இந்தச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். தாங்கும் பாரத்தையும் நில அதிர்வையும் கணக்கிட்டு அவர் சொல்லட்டும். கடையில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டைக் கேட்டு வாங்குங்கள். கல்லில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியில் சேர்த்துக் கொடுங்கள்.