பாய்மரப் படகில் குடித்தனம்

கடலைப் பற்றி எழுதத் திண்டிவனத்துக்காரனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். தினமும் ரயிலேறி விழுப்புரம் கல்லூரிக்குப் போய் வருகிறவன் நான். வழியில் தெரிவதெல்லாம் கரும்பும் சவுக்கும் செங்கல் சூளையும். ஆனால் என் அம்மா மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். திண்டிவனத்திலிருந்து கிழக்கே 35 கிலோமீட்டர், உப்பளத்தைத் தாண்டினால் கடல். பள்ளி விடுமுறை எல்லாம் அங்கேதான். தாத்தா கட்டுமரத்தில் போனவர், மாமா ஃபைபர் படகில் போகிறவர். ஆக, பாதித் தகுதி உண்டு!

விஷயம் இதுதான். 40 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மனைவி பிள்ளைகளோடு அதிலேயே குடியேறி, மூன்று நான்கு வருடம் உலகத்தைச் சுற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுலா இல்லை, குடித்தனம். சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எல்லாம் படகில்தான். குடிதண்ணீருக்குக் கடல்நீரை வடிகட்டும் சின்ன இயந்திரம், மின்சாரத்துக்குச் சூரியத் தகடு. இரவில் அப்பாவும் அம்மாவும் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக் கண்விழிக்க வேண்டும். ஏனென்றால் எதிரே வரும் பெரிய சரக்குக் கப்பலுக்கு இந்தப் படகு கண்ணிலேயே படாமல் போகலாம்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் பலர் விரும்பி வாங்குவது இரட்டை உடல் கொண்ட படகு. சாயாது, உள்ளே இடமும் அதிகம். அதன் பெயர் கேட்டமரான். நம்ம கட்டுமரம்தான்! 1697-ல் வெளியான பயண நூலிலேயே டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பெயர் மட்டும்தான் நம்முடையது. நம் கட்டுமரம் நாலைந்து மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போட்டுவிடலாம். அந்தப் படகு அப்படி இல்லை. இதை மாமாவிடம் சொன்னபோது, "பேருக்கு ராயல்டி வருமாடா?" என்று கேட்டார்.

சரி, புறப்படுவதை விடுங்கள். ஊர் திரும்புவதுதான் கணக்கு. ஒரு ஐரோப்பியக் குடும்பம் பசிபிக்கைத் தாண்டி, ஆஸ்திரேலியா பார்த்து, தாய்லாந்து வந்துவிட்டது என்று வையுங்கள். இனி வீட்டுக்குப் போக வேண்டும். சுருக்கமான வழி இலங்கையின் காலி, மாலத்தீவு, அரபிக் கடல், செங்கடல், 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய், பிறகு மத்தியதரைக் கடல். படகின் வேகம் மணிக்கு 5, 6 கடல் மைல், அதாவது சைக்கிள் மிதிக்கிற வேகம். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 120 முதல் 140 கடல் மைல் போகலாம்.

ஆனால் நினைத்த மாதத்தில் கிளம்ப முடியாது. வடகிழக்குப் பருவக்காற்று முதுகில் தள்ளுவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஜூனில் தென்மேற்கு வந்துவிட்டால் அரபிக் கடல் கொந்தளித்து, காற்று முகத்தில் அடிக்கும். தவறவிட்டவர் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதையே தாத்தா தினமும் செய்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. விடியலில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாயை விரித்துப் போவார்கள். மதியம் கடலிலிருந்து தரைக்குக் காற்று திரும்பும், அதில் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு அரை நாள், இவர்களுக்கு அரை வருடம். கணக்கு ஒன்றுதான். "காத்து என்ன நம்ம ஊட்டு வேலக்காரனா, கூப்ட்டா வர்றதுக்கு?" என்பார் தாத்தா.

2011 பிப்ரவரியில் அந்தக் கணக்கு பயங்கரமாகத் தப்பியது. டென்மார்க் நாட்டுக் குடும்பம் ஒன்று, அப்பா, அம்மா, பள்ளி வயதில் மூன்று பிள்ளைகள், கூட இரண்டு மாலுமிகள். 2009-ல் புறப்பட்டவர்கள் உலகத்தைச் சுற்றி வந்து, இதே வழியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 24 அன்று அரபிக் கடலில் சோமாலியக் கொள்ளையர்கள் படகைப் பிடித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான், அவர்கள் பிடித்து வைத்திருந்த இன்னொரு பாய்மரப் படகில் நான்கு அமெரிக்கர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். மார்ச்சில் டென்மார்க் குடும்பத்தை மீட்கப் போன சோமாலியப் படையினரில் சிலர் உயிரிழந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் கழித்து, செப்டம்பரில்தான் குடும்பம் விடுதலை ஆனது. பிள்ளைகள் உயிரோடு வந்தார்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. கொள்ளையர்கள் வருவது சின்ன மோட்டார் படகுகளில். தென்மேற்குப் பருவத்தின் அலையில் அவர்களாலும் தொழில் செய்ய முடியாது. கடல் அடங்கியிருக்கும் மாதங்கள்தான் அவர்களுக்கும் சீசன். வீட்டுக்குப் போக நல்ல காற்று எதுவோ, அதுவே பிடிபடவும் நல்ல காற்று!

வேறு வழி இல்லையா? இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகலாம். பல ஆயிரம் கடல் மைல் கூடுதல், ஒரு வருடம் கூடுதல், அங்கே நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதி எழுப்பும் அலைகள் பெரிய கப்பலையே உடைக்கும். இன்னொரு வழி, படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு விமானத்தில் போவது. அந்த வருடம் சிலர் மாலத்தீவிலிருந்து துருக்கிக்குப் படகை அப்படித்தான் அனுப்பினார்கள். செலவு அதிகம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் ஆரம்பித்தபோதும் வீடு திரும்ப நினைத்தவர்கள் முன்னால் இதே மூன்று வழிகள்தான் வந்து நின்றன.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் போனார்கள் என்று அப்போது உலகமே திட்டியது. எனக்கும் கோபம்தான். ஆனால் யோசித்தால், படகை விட்டுவிட்டுப் போ என்று சொல்வது நமக்குச் சுலபம். அவர்களுக்கு அது வண்டி இல்லை, வீடு. அடுப்பும் பாயும் பிள்ளைகளின் பாடப் புத்தகமும் அதில்தான் இருக்கிறது. வீட்டை விட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது?

இங்கேதான் எனக்குத் தாத்தாவின் கதை ஞாபகம் வரும். அம்மா பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஒரு நாள் மதியக் காற்று வரவில்லை. தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். அது மரத்தை இழுத்துக்கொண்டே போய், இருட்டும் நேரத்தில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் ஒதுக்கிவிட்டது. மரம் அப்போதுதான் கடன் வாங்கிப் புதிதாகக் கட்டியது. கூடப் போனவர் காவலுக்கு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றாராம். தாத்தா கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு குப்பத்தில் மரத்தை ஒப்படைத்துவிட்டு, இரவெல்லாம் கரையோரமாகவே நடந்து விடியலில் வந்து சேர்ந்தார். ஆயா கரையில்தான் உட்கார்ந்திருந்தாராம். மூன்று நாள் கழித்து நீரோட்டம் அடங்கியபின் போய் மரத்தை ஓட்டிவந்தார்கள். பாய் மட்டும் காணோம்!

மாமாவாக இருந்தால் போன் போட்டு ஒரு டாடா ஏஸ் வரவழைத்திருப்பார். அதுவும் ஒருவகைச் சரக்குக் கப்பல்தானே.

அந்த டென்மார்க் அப்பாவைத் தாத்தாவோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று தெரியும். தாத்தாவுக்கு நடக்கக் கரை இருந்தது. ஆனால் மாலத்தீவில் அவர்களுக்கும் ஒரு கரை இருந்தது, விமானம் இருந்தது. பிள்ளைகளையாவது அங்கிருந்து ஊருக்கு அனுப்பியிருக்கலாம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் அவர்கள் ஊர் திரும்பியதும் விமானத்தில்தான்.

போன பொங்கலுக்கு ஆயாவிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். கொள்ளைக்காரர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஊடு மொத்தமும் படகுல போயிட்டா, கரையில யார்றா காத்துங்கெடந்தாங்க?" என்றார்.

சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள் ஆயா, என்றேன்.

"ஆறு மாசமா?" என்று கேட்டுவிட்டு, கருவாட்டைத் திருப்பிப் போட எழுந்து போனார்.